அம்மா தந்தது எத்தனை மாதம் வரும்? – வாசகர் கேள்வி பதில்

பச்சிளம் பிள்ளைகளின் நிர்ப்பீடனம், அதாவது நோயை எதிர்க்கும் ஆற்றல், பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். குழந்தை மருத்துவத்திலும் நோயெதிர்ப்பியலிலும் பணிபுரியும் எமது குழுவினர் பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

சின்னமுத்து ஊசிக்கு ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருக்கவேண்டும்? பிறந்த உடனேயே போட்டால் என்ன? 2024இல் என் அக்காவின் பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே போட்டார்களே? – வெள்ளவத்தை

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: தாயின் பிறபொருளெதிரிகள், அதாவது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதங்கள்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், தாயின் இரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. வகைப் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து பிள்ளைக்குப் போகின்றன. இது தானாக நடக்கும் கசிவு இல்லை. சூல்வித்தகக் கலங்களில் இதற்கென்றே ஒரு வாங்கி உண்டு, அது ஐ.ஜி.ஜி.யைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளையின் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. தாயினுடையதற்குச் சமமாகவும் சிலவேளை கூடவும் இருக்கும். 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பங்கு மிகக் குறைவாகவே கிடைத்திருக்கும்.

ஆனால் இது எடுக்க மட்டுமே முடிகிற வைப்புப் பணம். பிறந்தபின் மேலும் போட வழியில்லை. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். நான்கு வாரம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: பிறக்கும்போது 100 என்றால் நான்காம் வாரத்தில் 50, எட்டாம் வாரத்தில் 25, பன்னிரண்டாம் வாரத்தில் 12 அளவில், இருபத்துநான்காம் வாரத்தில் 2க்கும் கீழே. பிள்ளை சொந்தமாகச் செய்யும் ஐ.ஜி.ஜி. மெதுவாகத்தான் ஏறும்; ஒரு வயதிலும் வளர்ந்தவர் அளவில் ஏறத்தாழ அறுபது வீதம்தான் இருக்கும். இறங்கும் கோடும் ஏறும் கோடும் சந்திக்கும் பள்ளம் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் விழுகிறது. சளி, இருமல், வயிற்றோட்டம் எல்லாம் இந்த வயதில் தலைகாட்டத் தொடங்குவது இதனால்தான். பல் முளைப்பதன்மீது பழியைப் போடுவது வழக்கம், பல் பாவம்.

இப்போது ஊசிக்கு வருவோம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரசு. அது பிள்ளையின் உடலில் சிறிது பெருகினால்தான் உடல் அதை அறிந்து நினைவில் வைக்கும். தாயின் பிறபொருளெதிரி இரத்தத்தில் மீதம் இருந்தால், உண்மையான சின்னமுத்து வைரசைப் பிடிப்பதுபோலவே ஊசி வைரசையும் பிடித்து அழித்துவிடும். ஊசி போட்டதாகப் பதிவில் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. ஒன்பது மாதத்தில் போட்டால் ஏறத்தாழ 85 வீதமான பிள்ளைகளில் பிடிக்கிறது. ஒரு வயதில் போட்டால் 95 வீதத்தை எட்டும். ஒரு வயது வரை பொறுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதற்குள் நோய் முந்திக்கொள்ளலாம். அதனால் இலங்கையில் முதல் தடவை ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது மூன்று வயதிலும் போடுகிறார்கள். மூன்று வயது ஊசியை வெறும் ‘பூஸ்டர்’ என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதல் ஊசி பிடிக்காமல் போன பிள்ளைகளை மீட்பதுதான் அதன் முதன்மையான வேலை.

2024 கதை வேறு. சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக 2019இல் இலங்கை அறிவிக்கப்பட்டது. 2023இல் நோய் திரும்பவும் பரவியது. ஊசி வயதை எட்டாத பிள்ளைகளும் அகப்பட்டார்கள். இன்றைய தாய்மாரில் அநேகர் சின்னமுத்து வந்து தேறியவர்கள் அல்லர், ஊசியால் பாதுகாப்புப் பெற்றவர்கள். ஊசியால் வரும் பிறபொருளெதிரியின் அளவு, நோய் வந்து தேறியவரைவிடக் குறைவு. தாயிடம் குறைவாக இருந்தால் பிள்ளைக்குப் போவதும் குறைவு, தீர்வதும் முந்தியே. ஆகவே 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதம் வரையான பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு தடவை போட்டார்கள். அது மேலதிகம்தான், கணக்கில் சேராது. உங்கள் அக்காவின் பிள்ளைக்கு அதற்குப்பின் ஒன்பது மாத ஊசி போடப்பட்டதா என்று கிளினிக் கொப்பியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வயது ஊசியும் தவறக்கூடாது.

சின்னமுத்தை ‘வந்து போகட்டும், உடம்பு உரம் பெறும்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சின்னமுத்து வந்த பிள்ளைகள் மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை இழந்திருந்தது தெரியவந்தது. இந்த வைரசு நினைவுக் கலங்களையே தாக்குகிறது.

‘தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஊசி எதற்கு?’ என்று மாமி கேட்கிறா. என்ன சொல்வது? – கொட்டாஞ்சேனை

மாமி பாதி சரி. தாய்ப்பாலில் இருப்பது பெரும்பாலும் ஐ.ஜி.ஏ. என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரி. அது பிள்ளையின் இரத்தத்துக்குள் போவதில்லை. வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தில் படிந்து, கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. ஆகவே வயிற்றோட்டம், நெஞ்சுச்சளி, காதுக்குத்து ஆகியவை தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் குறைவு. இரத்தத்தின் வழி பரவும் ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, சின்னமுத்து ஆகியவற்றை மறிக்க இது போதாது.

தாய்ப்பாலின் அழகு வேறொன்று. வீட்டில் இருக்கும் கிருமி தாயின் குடலுக்கோ நுரையீரலுக்கோ போனதும், அங்கே அதை அறிந்த கலங்கள் மார்பகத்துக்குப் பயணித்து, அதே கிருமிக்கான ஐ.ஜி.ஏ.யைப் பாலில் சுரக்கின்றன. எனவே தாய்க்குத் தடிமன், காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மருந்தை நிறுத்தியதாகும். முகக்கவசம் போட்டு, கையைச் சவர்க்காரத்தால் கழுவிப் பால் கொடுங்கள்.

தாய்ப்பாலில் லக்டோசு, கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் உள்ள திண்மப்பொருள் ஒருவகைச் சிறு சர்க்கரைத் தொடர்கள். அவற்றைப் பிள்ளையால் சமிக்க முடியாது! குடலில் உள்ள பிஃபிடோ பற்றீரியாவுக்கான சாப்பாடு அது. அந்த பற்றீரியா பெருகி அமிலம் சுரந்து, கெட்ட கிருமிக்கு இடம் விடாமல் செய்கிறது. குடல்சுவரில் உள்ள நோயெதிர்ப்புக் கலங்களுக்கு எதை எதிர்ப்பது, எதைப் பொறுப்பது என்று பழக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதன் பின்னால் இதுவும் இருக்கிறது. இடையில் தண்ணீர், கிரைப் வோட்டர், குளுக்கோஸ் ஒன்றும் வேண்டாம்.

நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சிரப் எது நல்லது? பிள்ளைக்கு ஒரு வயது. – வத்தளை

ஒன்றும் வாங்காதீர்கள். நன்றாகச் சாப்பிடுகிற, எடை கூடுகிற பிள்ளைக்கு அந்தப் போத்தல்களால் பயன் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை, நெத்தலி, பருப்பு, வல்லாரை வாங்கலாம். துத்தநாகம் மட்டும் ஒரு சந்தர்ப்பத்தில் உண்மையாகவே உதவும்: வயிற்றோட்டத்தின்போது ஜீவனியுடன், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள். அதையும் வைத்தியர் எழுதித் தரட்டும்.

சிசேரியனில் பிறந்த பிள்ளை. மூன்று நாள் பால் சுரக்கவில்லை என்று மாப்பால் கொடுத்தோம். அம்மம்மா நாக்கில் தேன் தடவினா. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுமா? – தெஹிவளை

முதலில் தேன். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள் இருக்கலாம். வளர்ந்தவரின் குடலில் அவை முளைக்க இடமில்லை. பச்சிளம் குடலில் பற்றீரியாக் குடியேற்றம் இன்னும் நிறையாததால் முளைத்து நஞ்சு சுரக்கும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, தலை நிற்காமை, பால் உறிஞ்ச இயலாமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இவை ஒன்றும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், இனிமேல் கொடுக்காமல் இருந்தால் சரி. வசம்பு, தங்கம் உரைத்த பால் ஆகியவையும் அப்படியே. கல்லிலும் விரலிலும் இருக்கும் கிருமிதான் அதன் வழி போகும்.

‘பால் சுரக்கவில்லை’ என்பது பெரும்பாலும் ‘வெள்ளையாக, நிறைய வரவில்லை’ என்பதாகத்தான் இருக்கும். முதல் மூன்று நாளும் வருவது மஞ்சள் நிறக் கடும்புப்பால். முதல் நாள் முழுவதும் சேர்த்தே சில தேக்கரண்டிதான் வரும், பிள்ளையின் வயிற்றுக்கும் அவ்வளவுதான் வேண்டும். ஐ.ஜி.ஏ.யும் வெண்குழியங்களும் மிகச் செறிந்து இருப்பது இதில்தான். சிசேரியன் என்றாலும் தாய்க்கு நினைவு தெளிந்ததும் தோலோடு தோலாகப் பிள்ளையைப் போட்டு, முடிந்தால் முதல் மணித்தியாலத்திலேயே மார்பில் வைக்கவேண்டும். உறிஞ்ச முடியாவிட்டால் கையால் பிழிந்து சிறு கரண்டியால் கொடுக்கலாம். பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்காதீர்கள், சிறுநீரை வைத்து அளவுங்கள்: முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இருமுறை, ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது. எடை ஏழு, எட்டு வீதம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்கு மீளவேண்டும்.

சிசேரியன் பிள்ளைக்குத் தாயின் குடலில் உள்ள பற்றீரியா முதலில் வந்து சேர்வதில்லை என்பது உண்மை. தோலிலும் ஆஸ்பத்திரியிலும் உள்ளவை முந்திக்கொள்கின்றன. மாதங்கள் போக இந்த வேறுபாடு பெருமளவு குறையும். தாய்ப்பால் அதைத் துரிதமாக்கும். வெளிநாடுகளில் தாயின் யோனித் திரவத்தைப் பிள்ளைமீது பூசுவதாக இணையத்தில் படித்து ஒருவர் கேட்டிருந்தார். செய்யாதீர்கள், தொற்று ஏற்படும் வாய்ப்பே அதிகம். நீங்கள் இப்போதும் மாப்பாலைக் குறைத்துத் தாய்ப்பாலுக்குத் திரும்பலாம். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பிடிக்கும் முறையைக் காட்டுவார்.

இரண்டு, நான்கு, ஆறு மாதம்: ஒரே ஊசியை ஏன் மூன்று தரம் போடுகிறார்கள்? ஐந்து நோய்க்கு ஒன்றாகப் போடுவது சின்ன உடம்புக்குப் பாரம் இல்லையா? காய்ச்சல் வராமலிருக்க முன்னதாகவே பனடோல் கொடுக்கலாமா? ஒரு தவணை பிந்திவிட்டால் திரும்ப முதலிலிருந்தா? – மட்டக்குளி

ஐந்துநோய் ஊசி தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் என்ற பற்றீரியா ஆகியவற்றுக்கானது. இதில் உயிருள்ள கிருமி ஒன்றும் இல்லாததால் தாயின் பிறபொருளெதிரி சின்னமுத்து ஊசியைக் கெடுப்பதுபோல இதைக் கெடுப்பதில்லை. ஓரளவு மந்தப்படுத்தும், அவ்வளவே. இரண்டு மாதத்தில் தொடங்கக் காரணம் குக்கல். அது ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையைத்தான் கொல்லும்.

முதல் தடவை பிள்ளையின் நிணநீர்க்கணுக்களில், பிறபொருளெதிரி செய்யும் பீ கலங்கள் கிருமியின் துண்டைப் பார்க்கின்றன. குறைவாக, வலுவற்ற பிறபொருளெதிரி வருகிறது. அடுத்த வாரங்களில் அந்தக் கலங்கள் தம்மைத் திருத்திக்கொண்டு, இறுகப் பிடிக்கக்கூடியவை மட்டும் தங்குகின்றன. அந்த வேலை முடிய அவகாசம் வேண்டும், அதனால்தான் இரண்டு மாத இடைவெளி. நான்கு வாரத்துக்குள் அடுத்ததைப் போட்டால் அந்தத் தடவை கணக்கில் வராது. பிந்தினால் அந்த அவகாசம் கூடுகிறதே தவிர வேலை கலைவதில்லை. ஆகவே முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஆனால் பிந்திய காலம் முழுவதும் பிள்ளை பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த திகதியிலிருந்தே கணக்கு. ‘எட்டு மாதத்தில் பிறந்தது, ஒரு மாதம் தள்ளிப் போடுவோம்’ என்பது தவறு.

ஹிப் பற்றீரியாவைப் பற்றி ஒரு சொல். அதன் மேலுறை சர்க்கரையால் ஆனது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் வெறும் சர்க்கரை உறையை எதிரியாகக் காண்பதில்லை; அந்தப் பகுதி இன்னும் முதிரவில்லை. ஹிப் தரும் மூளைக்காய்ச்சல் அந்த வயதையே தேடி வருவது அதனால்தான். ஊசியில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிடுகிறார்கள். புரதத்தைக் கண்டு, நோயெதிர்ப்பை வழிநடத்தும் ரீ கலங்கள் உதவிக்கு வர, பீ கலங்கள் சர்க்கரைக்கும் பிறபொருளெதிரி செய்கின்றன.

பாரம் பற்றி: பிறந்த அன்றே பிள்ளையின் தோலிலும் குடலிலும் எண்ணிலடங்காப் பற்றீரியா குடியேறுகிறது. அதன் முன் இந்த ஊசி ஒரு பொருட்டே இல்லை.

பனடோல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். செக் குடியரசில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஊசியோடு சேர்த்து வழக்கமாகப் பரசிற்றமோல் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறபொருளெதிரி சில ஊசிகளுக்குக் குறைவாகவே உருவானது. காய்ச்சல் வந்தபின், அல்லது வலியால் அழும்போது கொடுங்கள். அளவு எடைக்கேற்ப: கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 5 கிலோப் பிள்ளைக்கு 75 மில்லிகிராம். 5 மி.லீ.யில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மி.லீ. இங்கேதான் பிழை நடக்கிறது. பாமசியில் துளிமருந்தும் கிடைக்கும். அதில் 1 மி.லீ.யிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். சிரப்பின் 3 மி.லீ. அளவைத் துளிமருந்தில் கொடுத்தால் நான்கு மடங்காகிவிடும். போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் கொடுக்காதீர்கள். தேக்கரண்டியால் அளக்காமல் சிரிஞ்சால் அளவுங்கள். காய்ச்சல் 48 மணித்தியாலம் தாண்டினாலும், பிள்ளை இடைவிடாமல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கதறினாலும், வலிப்பு வந்தாலும் வைத்தியரிடம் காட்டி, அடுத்த ஊசிக்கு முன் கிளினிக்கில் சொல்லவேண்டும்.

பிறந்தபோது போட்ட பீ.சீ.ஜீ. (காசநோய்த் தடுப்பு) ஊசி ஆறு வாரத்தில் சீழ் வைத்திருக்கிறது. மருந்து பூசலாமா? – தெமட்டகொட

வேண்டாம், ஊசி வேலை செய்கிறது. இரண்டு முதல் ஆறு வாரத்தில் சிறு கட்டி, பிறகு புண், சில வாரத்தில் தழும்பு. பிதுக்காதீர்கள், களிம்பு பூசாதீர்கள், பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், குளிப்பாட்டலாம். இடது கமக்கட்டில் நெறி பெரிதாகி மெதுமெதுப்பாக ஆனால் மட்டும் காட்டுங்கள். ஆறு மாதமாகியும் தழும்பே இல்லையென்றால் கிளினிக்கில் கேளுங்கள், திரும்பப் போடுவார்கள்.

வீட்டில் ஒரு மாதக் கைக்குழந்தை. மூத்தவன் மொன்டிசூரியிலிருந்து சளியோடு வருகிறான். எதற்குப் பயப்பட வேண்டும்? – பம்பலப்பிட்டி

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. கமக்கட்டில் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால், இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 35.5க்குக் கீழே இறங்கினாலும் அப்படியே. அந்த வயதில் இரத்தத்தில் கிருமி பரவும்போது உடல் சுடாமல் குளிர்ந்தும் போகும். காரணம் இதுதான்: கிருமியை முதலில் சூழ்ந்து விழுங்கும் நியூற்றோபில் வெண்குழியங்கள் பச்சிளம் பிள்ளையின் என்பு மச்சையில் குறைந்த கையிருப்பிலேயே உண்டு, அவை தொற்று உள்ள இடத்துக்கு நகர்வதும் மெதுவாகவே. பெரியவருக்கு ஓரிடத்தில் சீழாக நிற்கும் தொற்று, இவர்களுக்கு இரத்தத்துக்கும் மூளையுறைக்கும் போய்விடும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழும்பாமை, முனகல், விரைவான மூச்சு, இவைதான் அடையாளங்கள். பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு வராதீர்கள்.

மூத்தவனைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. வந்ததும் சவர்க்காரத்தால் கை கழுவட்டும், உடுப்பு மாற்றட்டும், சளி உள்ள நாட்களில் தம்பியின் முகத்தில் கொஞ்சாமல் காலில் கொஞ்சட்டும். வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால் கைக்குழந்தையைத் தூக்கக் கொடுக்காதீர்கள்; பெரியவரின் நீண்ட இருமல் குக்கலாக இருக்கலாம். கைக்குழந்தைக்குக் குக்கல் வந்தால் ‘ஊப்’ சத்தம் கேட்காது. மூச்சு நின்று நீலமாகும்.

ஏழு மாதப் பிள்ளை. தொடர்மாடியில் இரண்டு பேருக்கு டெங்கு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் கடுமையாக வராது என்கிறார்களே? – வெள்ளவத்தை

அப்படி நம்பி இருக்கவேண்டாம். டெங்கு வைரசு நான்கு வகை. கொழும்பில் வளர்ந்த தாய்க்கு அவற்றில் ஒன்றோ இரண்டோ வந்து போயிருக்கும், அதன் ஐ.ஜி.ஜி. பிள்ளைக்கும் போயிருக்கும். முதல் சில மாதம் அது காப்பாற்றும். அளவு இறங்கி இரண்டுங்கெட்டானாக நிற்கும்போது வைரசில் ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. ஒட்டிய நிலையில் வைரசு வெண்குழியத்துக்குள் இன்னும் எளிதாக நுழைகிறது. பெரியவர்களுக்கு இரண்டாம் முறை டெங்கு வரும்போது நடப்பது இந்தப் பிள்ளைக்கு முதல் முறையிலேயே நடந்துவிடலாம். ஏறத்தாழ நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரை இந்த ஆபத்துக் காலம். தாய்ப்பால் நீர்ச்சத்துக்கு மிக நல்லது, தொடர்ந்து கொடுங்கள். இந்தச் சிக்கலை அது மாற்றாது.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். பகல் தூக்கத்துக்கும் நுளம்பு வலை வேண்டும். தொடர்மாடியில் தேடவேண்டிய இடங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏ.சி. வடிதண்ணீர், பூச்சாடித் தட்டு, பாவிக்காத குளியலறையின் சிஸ்டர்ன், மொட்டைமாடிப் பீலி. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளையின் அறையில் நுளம்புச் சுருள் கொளுத்தாதீர்கள்.

காய்ச்சல் வந்தால், ஒரு வயதுக்குட்பட்டவருக்கு மூன்றாம் நாள் வரை பொறுக்காமல் முதல் நாளே வைத்தியரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பரசிற்றமோல் மட்டும் கொடுக்கலாம்; இபுபுரூபென், டைக்குளோபெனாக், அஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைகிறோம், ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, தொடர் வாந்தி, சோர்வு: நேரே ஆஸ்பத்திரி.

மண்ணில் விளையாடவிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுமா? மாமியார் குளித்தபின் சாம்பிராணி காட்டச் சொல்கிறார், கணவர் நிலத்தை நாளும் டெட்டோலால் துடைக்கச் சொல்கிறார். – கொச்சிக்கடை

1989இல் ஸ்ட்ராகன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவு என்று கண்டார். ‘அழுக்கு நல்லது’ என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. 2016இல் அமெரிக்காவில் இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். மாட்டுக் கொட்டிலோடு ஒட்டி வாழும் ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 வீதம் பேருக்கும், இயந்திரப் பண்ணையில் தள்ளி வாழும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 வீதம் பேருக்கும் ஆஸ்துமா இருந்தது. உதவியவை கொட்டில் தூசியில் உள்ள பற்றீரியாவின் கூறுகள், நோய்க்கிருமி அல்ல. கொச்சிக்கடைக் கான் ஓரத்து மண் அந்தக் கொட்டில் தூசி இல்லை. அதில் இருப்பது கொக்கிப்புழு, எலிச் சிறுநீர், வாகனப் புகைக் கரி.

மத்திய வழி இது. புல்லும் செடியும் உள்ள இடத்தில் விளையாடட்டும், மற்றப் பிள்ளைகளோடு பழகட்டும், பலவகைச் சாப்பாடு உண்ணட்டும். சாப்பிடுமுன்னும் கழிப்பறைக்குப் பின்னும் கை கழுவட்டும். நிலத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். சாம்பிராணி வேண்டாம், அந்தப் புகை மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை மந்தமாக்குகிறது. ஈரம் ஊறிக் கறுப்புப் பூஞ்சணம் பிடித்த சுவரும் கரப்பொத்தானும் ஆஸ்துமாவுக்குப் பெரிய காரணங்கள். கணவரின் சுறுசுறுப்பை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கச்சான், முட்டை எப்போது கொடுக்கலாம்? பிள்ளைக்குக் கரப்பன் இருக்கிறது. – மருதானை

பிந்திக் கொடுத்தால் பாதுகாப்பு என்று முன்பு சொன்னோம், அது தவறாகிவிட்டது. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 பிள்ளைகள் நான்கு முதல் பதினொரு மாதத்தில் சேர்க்கப்பட்டார்கள். தொடக்கத் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை காட்டாதவர்களில், கச்சானைத் தவிர்த்தவர்களில் 13.7 வீதத்தினருக்கு ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தது. உண்டு வந்தவர்களில் 1.9 வீதம் மட்டும். வெடித்த தோலின் வழி அறிமுகமாகும் புரதத்தை உடல் எதிரியாகவும், குடலின் வழி அறிமுகமாவதை உணவாகவும் எடுக்கிறது என்பது விளக்கம். கரப்பன் உள்ள பிள்ளைக்குக் கடலைமா, பயத்தம்மா தேய்த்துக் குளிப்பாட்டுவதை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கரப்பன் கடுமையென்றால் முதலில் வைத்தியரிடம் போங்கள். இலேசானதென்றால் ஆறு மாதம் முடிந்து, வேறு சாப்பாடு பழகியபின், சுகமாக இருக்கும் ஒரு நாள் காலையில் தொடங்குங்கள். பூஞ்சணம் இல்லாத கச்சானை வறுத்து, மழுமழுவென்று அரைத்து, இளஞ்சுடுநீரில் அல்லது மசித்த பப்பாசியில் கரைத்துக் கால் தேக்கரண்டி கொடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியையும் கொடுத்து இரண்டு மணித்தியாலம் கவனியுங்கள். பிறகு வாரம் மூன்று முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டி. நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதில் பயன் இல்லை. முழுக் கச்சான் ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும். முட்டை நன்றாக அவித்தது, அரைவேக்காடு வேண்டாம். உதடு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், வாந்தியோடு சோர்ந்தால், மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரி.

நெஞ்சு எக்ஸ்ரேயில் எட்டு மாத மகளுக்குத் தைமசு பெரிதாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். – வத்தளை

அந்த வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும். இதயத்துக்கு மேலே உள்ள சுரப்பி அது, ரீ கலங்கள் படித்துத் தேறும் இடம். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிறக்கும்போது மிகப் பெரியது, பருவமடைந்தபின் சுருங்கும். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இதை நோய் என்று எண்ணிக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் வந்தது. பெரிதாக இருப்பதைவிட, தொடர்ந்து நோயுறும் பிள்ளையில் தைமசு காணப்படாமல் இருப்பதே எங்களைக் கவலைப்படுத்தும்.

மூன்று வயது மகனுக்கு, மொன்டிசூரிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மாதம் ஒரு சளி. இரத்தம் சோதித்ததில் ‘லிம்போசைற் கூடுதல், ஐ.ஜி.ஏ. குறைவு’ என்று வந்தது. நாங்கள் மச்சான் மச்சாள் முறையில் மணமுடித்தவர்கள். பிறவிக் குறைபாடாக இருக்குமா? – தெஹிவளை

மூன்று வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடிமன் இயல்பு. ஒவ்வொன்றும் பத்து நாள் என்றால் எண்பது நாள்; அவை மழை மாதங்களில் குவியும்போது ஓயாத சளி என்று தோன்றும். இடையில் ஒரு வாரமேனும் ஓடி விளையாடி, எடையும் கூடினால் அது பழகும் உடம்பு. சளிக்கெல்லாம் அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். வைரசுக்கு அது வேலை செய்யாது, குடல் பற்றீரியாவைக் குலைக்கும்.

அறிக்கையைப் பற்றி: அதில் அச்சிடப்படும் ‘இயல்பளவு’ பல இடங்களில் பெரியவர்களுக்கானது. நான்கைந்து வயது வரை வெண்குழியங்களில் லிம்போசைற்தான் அதிகம். ஐ.ஜி.ஏ. எல்லாவற்றிலும் மெதுவாக ஏறுவது. பதின்ம வயதில்தான் பெரியவர் அளவை எட்டும். வயதுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வைத்தியரிடம் அதே தாளைக் கொண்டுபோங்கள், பெரும்பாலும் இரண்டு குறிப்பும் மறைந்துவிடும்.

உண்மையில் தேடவேண்டியவை வேறு: ஒரு வருடத்தில் இரண்டு நியூமோனியா, நான்கு காதுச்சீழ், இரண்டு மாதம் அன்டிபயோட்டிக் கொடுத்தும் தீராத தொற்று, ஆழமான சீழ்க்கட்டிகள், ஒரு வயதுக்குப் பின்னும் வாயில் மாறாத வெண்பூஞ்சணம், எடை கூடாமை, நான்கு வாரமாகியும் விழாத தொப்புள்கொடி. இவற்றில் இரண்டு இருந்தால் குழந்தை வைத்திய நிபுணரிடம் போங்கள். சிறப்புப் பரிசோதனைகள் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவில் செய்யப்படுகின்றன; நிபுணரின் கடிதத்தோடு போகவேண்டும்.

நெருங்கிய உறவில் மணமுடித்தவர்களின் பிள்ளைகளில், இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள மரபணு சேரும் வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மை. மகனுக்கு மேற்சொன்னவை இல்லையென்றால் அதற்காக மட்டும் சோதனை தேவையில்லை. ஆனால் உங்கள் குடும்பங்களில் ஒரு வயதுக்குள் தொற்றால் இறந்த பிள்ளை இருந்தால், குறிப்பாகத் தாயின் சகோதரர்கள் அப்படி இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். ரீ கலமே இல்லாமல் பிறக்கும் பிள்ளைக்கு பீ.சீ.ஜீ.யில் உள்ள உயிருள்ள பற்றீரியா உடல் முழுதும் பரவும். அந்த ஊசி ஆஸ்பத்திரியை விட்டு வருமுன்னரே போடப்படுவதால், பிரசவ அறைக்குப் போகுமுன் கிளினிக் கொப்பியில் அது எழுதப்பட்டிருக்கவேண்டும்.